குடியிருப்புப் பகுதிப் பள்ளத்தை மீட்க எதில் தொடங்குவது?

கேட்டவர்: கரையோரம்

வணக்கம்ங்க. கோவைக்கு வடக்கே, பெரியநாயக்கன்பாளையம் பக்கம் எங்கள் குடியிருப்பு. குருடிமலை அடிவாரத்தில் கிளம்பி வரும் பள்ளம் (எங்கள் பக்கம் ஓடையை இப்படித்தான் சொல்வோம்) ஒன்று நடுவில் போகிறது. எங்கள் எல்லைக்குள் 1.2 கி.மீ. நீளம். தண்ணீர் ஓடும் இடம் இப்போது 4, 5 மீட்டர் அகலம்தான் இருக்கும். பழைய ஆட்கள் இதைப் போல் இரண்டு மடங்கு இருந்ததாகச் சொல்கிறார்கள். இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 400 வீடுகள். பாதாளச் சாக்கடை கிடையாது, எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான்.

கோடையிலும் கருப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. கரை முழுக்கச் சீமைக் கருவேலம். ஐப்பசி மழையில் குழாய்ப் பாலம் (அடியில் குழாய் பதித்த சிறு பாலம்) அடைத்துக்கொண்டு தெருவுக்குள் தண்ணீர் ஏறுகிறது.

குடியிருப்போர் சங்கத்தில் 6 லட்ச ரூபாய் திரட்டலாம் என்கிறார்கள். ஜேசிபி விட்டு மொத்தமாக வழித்துவிட்டு, இரு கரையிலும் 500 மரக்கன்று நடுவது என்பது திட்டம். கரையை ஒட்டி மனை வைத்திருப்பவர்கள் கான்கிரீட் சுவர் கேட்கிறார்கள். "பள்ளத்துக்குள்ளேயே சம்பும் கல்வாழையும் வைத்தால் சாக்கடையை அதுவே சுத்தம் செய்துவிடும்" என்று இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது. எதை முதலில் செய்வது? எது வீண் செலவு?

---

பதில்: ஓடைக்கல்

ஜேசிபியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உங்கள் பள்ளத்தின் நோய் சாக்கடை. அது நிற்காதவரை வழித்த இடம் ஒரே பருவத்தில் மறுபடி சேறாகும். கழிவுநீரின் சத்தை உறிஞ்சிக்கொண்டு ஆகாயத்தாமரையும் கோரையும் முன்னைவிட அடர்த்தியாக வரும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 400 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 1,600 பேர். நகரத்து நீர் வழங்கலுக்கு வைக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும், அதாவது 108 லிட்டர். மொத்தம் நாளொன்றுக்கு 1,72,800 லிட்டர், சராசரியாக நொடிக்கு 2 லிட்டர். கோடையில் நீங்கள் பார்க்கும் கருப்புத் தண்ணீர் இதுதான். மலையில் இருந்து அந்த மாதங்களில் எதுவும் வருவதில்லை.

இந்தத் தண்ணீரைச் செடிகள் சுத்தம் செய்யுமா? செய்யும், இடம் கொடுத்தால். ஜல்லிப் படுகைக்குள் நீர் ஊர்ந்து போகும் நாணல் படுகைக்கு ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்று வைத்தாலே 1,600 பேருக்கு 3,200 சதுர மீட்டர் வேண்டும். ஏறக்குறைய 79 சென்ட். பள்ளத்துக்குள் அந்த இடம் இல்லை. இருந்தாலும் முதல் வெள்ளம் செடியையும் ஜல்லியையும் பாலத்தடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆகவே பள்ளத்துக்குள் சம்பு நடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதில், மாசி பங்குனியில் மழை பெய்து பதினைந்து நாளாவது ஆன பிறகு, காலை 6 மணிக்கு ஆரம்பித்து 8 மணி வரை கரையோரமாக நடங்கள். குளியல், பாத்திரம், துணி எல்லாம் நடக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் ஒரு குழாயில் நீர் வந்தால் அது மழைநீர்க் குழாய் இல்லை, எவர் என்ன சொன்னாலும் சரி. ஒவ்வொரு குழாய் வாய்க்கும் எண் கொடுத்துப் படம் எடுங்கள். 15 லிட்டர் பக்கெட்டைப் பிடித்து நிறையும் நேரத்தைக் குறியுங்கள். 30 நொடியில் நிறைந்தால் நொடிக்கு அரை லிட்டர். நாற்பது, ஐம்பது குழாய் இருந்தாலும் பெரும்பங்கு தண்ணீர் ஐந்தாறு வாய்களில்தான் வரும். உங்கள் பணம் அங்கே போகட்டும்.

குழாய் வாய்க்குக் கீழே கல்லைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல நூல் நூலாக ஒட்டியிருந்தால் மலக்கழிவோ அதிகச் சத்துள்ள கழிவோ அங்கே தொடர்ந்து வருகிறது. சோப்பு நுரையும் வெளிறிய நீரும் மட்டும் என்றால் குளியலறை, சமையலறைத் தண்ணீர். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மலக்கழிவு வருகிறது என்றால் செப்டிக் டேங்கின் வெளிக்குழாயை நேராக மழைநீர்க் கால்வாயில் இணைத்திருப்பார்கள், அல்லது பல வருடமாகக் கசடு எடுக்காமல் தொட்டி நிறைந்து அப்படியே வழியும். கசடை 2, 3 வருடத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆகவேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வசதி இருக்கிறது: பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளுக்காகக் கட்டிய கசடு சுத்திகரிப்பு நிலையம். தெரு வாரியாக ஒரே வாரத்தில் லாரி ஏற்பாடு செய்தால் வாடகை குறையும், லோடு அங்கேதான் இறங்கியது என்று ரசீதும் கேட்டு வாங்கலாம். இரவில் பள்ளத்திலேயே திறந்துவிடும் லாரிக்கு அந்த ரசீதுதான் கடிவாளம்.

தொட்டிக்குள் ஆளை இறக்கி எடுக்க எவர் சொன்னாலும் தடுத்துவிடுங்கள். கையால் மலக்கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். விஷவாயுவில் உயிர் போக ஒரு நிமிடம் போதும்.

---

பதில்: புலப்படம்

மேலே சொன்னதோடு சேர்த்து இன்றே தொடங்க வேண்டியது ஆவண வேலை.

சர்வே எண்களை எடுத்து, அரசின் இணைய சேவைத் தளத்தில் அ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) புலப்பட நகலும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். "ஓடை புறம்போக்கு", "பள்ளம்", "வாய்க்கால்" என்று எது எழுதியிருக்கிறது என்பது முக்கியம். புலப்படத்தில் இரு கரைக்கும் அளவு இருக்கும். அந்த அகலத்தை வைத்து, தாசில்தாரிடம் மனு கொடுத்து, நில அளவரை வரவழைத்துக் கல் நடுங்கள். கல் நடாத கரையில் மரம் வைத்தால், பக்கத்து மனைக்காரர் பிடுங்கிப்போட்டு "என் பட்டா" என்பார். அப்போது உங்களிடம் பதில் இருக்காது.

சிறு பள்ளங்களில் நிலம் ஒரு துறையிடமும் பராமரிப்பு இன்னொரு இடத்திலும் இருக்கும். பேரூராட்சியா, நீர்வளத் துறையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் ஜேசிபி இறங்கி வண்டல் ஒரு லோடு வெளியே போனாலும் மண் கடத்தல் புகாருக்கு வழி உண்டு. வரைபடம், வேலையின் அளவு, வண்டல் கொட்டும் இடம், முடியும் தேதி நான்கும் மனுவில் இருக்கட்டும்.

ஆக்கிரமிப்பு விஷயத்தில் சங்கமே இறங்கிச் சண்டை போடாதீர்கள். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுப்பது வருவாய்த் துறையின் வேலை. 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அது ஏரிகளுக்கானது, பள்ளத்துக்கு அதைப் போட்டால் மனு திரும்பிவரும். கரையில் குடிசை போட்டிருப்பவர்களையும் காம்பவுண்ட் சுவரை ஒரு மீட்டர் தள்ளிக் கட்டியவர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். குடிசைக்காரர்களுக்கு மாற்று இடம் வேண்டும் என்று நீங்களே மனுவில் எழுதுங்கள். அவர்கள்தான் பள்ளத்தைத் தினமும் பார்ப்பவர்கள், அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்தப் பள்ளமும் சுத்தமாக இருக்காது.

பணம்: "நமக்கு நாமே" திட்டத்தில் மக்கள் பங்குத்தொகை கட்டினால் மீதியை அரசு போடும். திரட்டும் 6 லட்சத்தை மொத்தமாகச் செலவழிக்காமல் ஒரு பகுதியைப் பங்குத்தொகையாகக் காட்டினால் வேலை பெருகும். ஊரக வேலை உறுதித் திட்டம் (நூறு நாள் வேலை என்று சொல்வார்களே, அது) கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். உங்கள் பள்ளத்தின் மேல்பகுதி ஊராட்சி எல்லையில் வந்தால் அங்கே கேளுங்கள்.

---

பதில்: கரைவேர்

சாக்கடை வாய்களில் பெரியவை அடைபட்ட பிறகு மண் வேலைக்கு வருவோம்.

ஜேசிபி ஓட்டுநரிடம் "சுத்தம் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னால் அவர் தட்டையான, அகலமான அடிமட்டம் எடுத்துக் கொடுப்பார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கோடையின் கொஞ்சத் தண்ணீர் அந்த அகலம் முழுக்கப் பரவி, இரண்டு விரல் ஆழத்தில் நின்று, சூடேறி, நாறும். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வேண்டியது இரண்டடுக்குப் பள்ளம்: நடுவில் 60 செ.மீ. முதல் 1 மீட்டர் அகலத்தில், 30 செ.மீ. ஆழத்தில் வளைந்து போகும் சிறு ஓட்டம்; அதற்கு மேலே வெள்ளம் பரவ அகலமான தளம்; அப்புறம் கரை. கரைச் சரிவு ஒன்று உயரத்துக்கு இரண்டு நீளமாவது இருக்கட்டும். செங்குத்தாக வெட்டினால் முதல் கனமழையில் சரியும். சிறு ஓட்டத்தைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் வரைந்து, இயந்திரத்தின் குறுகிய பக்கெட்டைப் போடச் சொல்லுங்கள். கூடவே ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

வண்டலை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள். 1.2 கி.மீ. நீளம், 4 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் எடுத்தால் 2,400 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 850 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் 280 நடைக்கு மேல். 6 லட்சத்தில் இது முடியாது, தேவையும் இல்லை. பாலங்களுக்கு மேலும் கீழும் 20 மீட்டர், மண்மேடு தட்டிய இடங்கள், இவ்வளவு போதும். எடுத்ததைக் கரைமேல் குவித்து வைத்தால் அடுத்த மழையில் அதே பள்ளத்துக்குள் வரும். சாக்கடை வண்டலைப் பரிசோதிக்காமல் விவசாய நிலத்துக்கும் கொடுக்கக் கூடாது. பட்டறைகள் இருக்கும் பகுதியில் கன உலோகம் இருக்கலாம்.

அடிமட்டம் அரித்து ஆழமாகிக்கொண்டே போகும் இடத்தில் மட்டும் தளர்கல் தடுப்பு, அதாவது குறுக்கே கல் அடுக்கிய சிறு தடுப்பணை, போடுங்கள். சிமென்ட் வேண்டாம். உயரம் 45 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, மேல் அகலம் அரை மீட்டர், அடி அகலம் 1.8 மீட்டர். நடுப்பகுதி ஓரங்களைவிட 15 முதல் 20 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், தண்ணீர் நடுவில்தான் வழிய வேண்டும். இரு பக்கமும் கரைக்குள் அரை மீட்டர் தோண்டிக் கல்லைப் புதைக்க வேண்டும். இதை விட்டால் தண்ணீர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கும்; இடிந்த தடுப்புகளில் பெரும்பாலானவை போனது இப்படித்தான். கீழ்ப்பக்கம் 90 செ.மீ. நீளத்துக்குக் கல்தளம் பரப்புங்கள். 5 மீட்டர் அகலப் பள்ளத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுக்கல் பிடிக்கும். ஒருவர் தனியாகத் தூக்கச் சிரமப்படும் 25 முதல் 40 கிலோ கல்லாக வாங்குங்கள். சின்னக் கல் வெள்ளத்தில் நிற்காது. இடைவெளிக்கு விதி எளிது: கீழ்த் தடுப்பின் மேல்மட்டமும் மேல்தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். நூற்றுக்கு ஒன்று சரிவென்றால் 45 மீட்டருக்கு ஒன்று. பாலத்துக்கு உடனே கீழேயும், தாழ்வான வீடுகள் இருக்கும் இடத்திலும் போடாதீர்கள். வெள்ள மட்டம் ஏறும்.

கான்கிரீட் சுவர் கேட்பவர்களுக்கு: சுவருக்கு நடுவே தண்ணீர் வேகம் பிடிக்கும். சுவர் முடியும் இடத்தில் அந்த வேகம் மொத்தமும் அடுத்தவர் கரையில் இறங்கும். சுவரின் அடியும் அரிக்கும். சிங்கப்பூரில் பிஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை உடைத்து வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். அதற்கு முன் 2009-ல் 60 மீட்டர் நீளத்தில் பத்து விதக் கரை கட்டும் முறைகளைச் சோதித்துப் பார்த்த பிறகே முழு வேலையில் இறங்கினார்கள். நீங்களும் முதலில் ஒரு 50 மீட்டரில் செய்து ஒரு மழைக்காலம் பாருங்கள். அந்த ஆறு வெள்ளக் காலத்தில் ஏறக்குறைய 100 மீட்டர் அகலம் பரவ இடம் விட்டிருக்கிறார்கள். நமக்கு அந்த இடம் இல்லை என்பதால்தான் புலப்படம் சொல்லும் அகலத்தில் ஒரு அடியும் விடக்கூடாது. வீட்டு அஸ்திவாரம் கரையை ஒட்டியே இருக்கும் இடத்தில் மட்டும் கம்பிவலைக் கூடையில் கல் அடுக்குங்கள், பின்பக்கம் வடிகட்டித் துணி போட்டு. துணி இல்லையென்றால் மண் கல்லிடுக்கு வழியே கரைந்து பின்னால் குழி விழும்.

மற்றக் கரைக்கு வெட்டிவேர். தலையை 20 செ.மீ., வேரை 10 செ.மீ. விட்டு நறுக்கி, குழிக்கு மூன்று தூராக, 15 செ.மீ. இடைவெளியில் மட்டக்கோட்டின் வழியே நடுங்கள். வரிசைக்கு வரிசை செங்குத்தாக 1 மீட்டர். 100 மீட்டர் கரையில் மூன்று வரிசைக்கு 2,000 குழி, 6,000 நாற்று. வெயில் படாத இடத்தில் வராது. மர நிழலில் நட்டுவிட்டு வெட்டிவேர் சரியில்லை என்று சொல்பவர்கள் அதிகம். வளைவின் வெளிப்பக்கக் கரைக்குத் தென்னைநார் வலை போர்த்துங்கள், பொள்ளாச்சிப் பக்கமே கிடைக்கும். மேல் ஓரத்தை 30 செ.மீ. குழியில் புதைத்து, ஒரு வலை அடுத்ததன் மேல் 15 செ.மீ. ஏறும்படி விரித்து, மீட்டருக்கு ஒரு மூங்கில் முளை அடியுங்கள். தண்ணீர் வரும் திசையில் இருக்கும் வலைதான் மேலே வர வேண்டும். மாற்றிப் போட்டால் வெள்ளம் அடியில் நுழைந்து கிழித்துவிடும்.

சீமைக் கருவேலத்தை ஒரே மூச்சில் பிடுங்காதீர்கள். இப்போதைக்கு உங்கள் கரையைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர்தான். வெட்டிவேர் நடப்போகும் நீளத்துக்கு மட்டும், தரைக்குக் கீழே 30 செ.மீ. தோண்டிக் கட்டையோடு எடுங்கள். மேலே மட்டும் அறுத்தால் நாலு கிளை தளிர்க்கும். மண்ணில் விதை கிடக்கும், ஆடு மாடு சாணத்திலும் வரும். அதனால் மூன்று, நான்கு மழைக்காலம் கன்று பிடுங்கும் வேலை இருக்கும்.

500 மரம் வேண்டாம். கரையின் மேல்தளத்தில் நீர்மருது, புங்கன், நாவல், 5, 6 மீட்டருக்கு ஒன்று, இடையில் நொச்சி. வெள்ளத் தளத்தில் புல்லும் கோரையும் மட்டும். பாலத்துக்கு மேலே 10 மீட்டர் வரை மரமே கூடாது. நூறு மரத்துக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

---

கரையோரம்:

எல்லோருக்கும் நன்றிங்க. குளியல், சமையலறைத் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி போடச் சொல்லலாமா? எங்கள் பகுதியில் பாதி செம்மண், பாதி கரிசல். இன்னொன்று, ஞாயிறு தோறும் ஆட்களைச் சேர்த்துக் குப்பை எடுக்கலாம் என்று பேச்சு. அது நீடிக்குமா?

---

ஓடைக்கல்:

மண்ணைக் கேட்டுவிட்டுக் குழி போடுங்கள். 30 செ.மீ. அகல ஆழத்தில் ஒரு குழி தோண்டி, முந்தைய நாளே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் நிரப்பி, 2.5 செ.மீ. இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழி போடலாம், 1 மீட்டர் விட்டம், ஒன்றரை முதல் 2 மீட்டர் ஆழம். செம்மண் பாதி பெரும்பாலும் இதில் தேறும். 30 முதல் 60 நிமிடம் என்றால் நீளவாக்கில் பரவும் கால்வாய்தான் சரி. கரிசலில் ஒரு மணி நேரம் தாண்டும், அங்கே குழி போட்டால் ஒரு மாதத்தில் குட்டையாகும். மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி வேண்டும். கிணறு, ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பொறி (எண்ணெய்ப் பிசுக்கைத் தடுத்து நிறுத்தும் சிறு தொட்டி) இல்லாமல் விட்டால் குழி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கரிசல் பக்கம் உள்ள தெருக்களுக்கு, நான் கூடாது என்ற நாணல் படுகையைப் பள்ளத்துக்கு வெளியே போடலாம். 40 வீட்டுத் தண்ணீர் ஒரே கால்வாயில் வந்தால் 160 பேர், 320 சதுர மீட்டர், 8 சென்ட். பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் இருந்தால் பேரூராட்சியிடம் கேளுங்கள். ஆழம் 60 செ.மீ., 10 முதல் 20 மி.மீ. ஜல்லி, நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் 40 முதல் 75 மி.மீ. கல், அடிச்சரிவு நூற்றுக்கு ஒன்று, அடியில் தண்ணீர் இறங்காத விரிப்பு. நீர்மட்டம் ஜல்லிக்கு 5, 10 செ.மீ. கீழேயே நிற்கும்படி வெளிக்குழாயின் உயரத்தை வையுங்கள், கொசு வராது. ஜல்லி மட்டும் 68 யூனிட் ஆகும், அதனால் இது தனி மதிப்பீடு. முன்னால் படிவுத் தொட்டி கட்டாமல் நேராகச் சாக்கடையை விட்டால் நுழைவாயிலில் ஜல்லி அடைத்து மேலே வழியும். மிச்சம் பிடிக்க நினைத்து அந்தத் தொட்டியைத்தான் முதலில் வெட்டுவார்கள், விடாதீர்கள்.

---

பதில்: ஊர்க்கூட்டம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நீடிக்காது. நாலைந்து வாரம் உற்சாகமாக வருவார்கள், மேலே இருந்து அதே குப்பை திரும்ப வருவதைப் பார்த்ததும் விட்டுவிடுவார்கள். ஆகவே குப்பை வரும் வழியைப் பிடியுங்கள். உங்கள் எல்லை தொடங்கும் இடத்தில் மிதவைத் தடுப்பு ஒன்று: 110 மி.மீ. பிவிசி குழாய் 3 மீட்டர் நீளத்தில் மூன்று, இரு முனையிலும் மூடி ஒட்டி, கயிற்றில் கோத்து, கீழே 30 செ.மீ. நைலான் வலை தொங்கவிட்டு, வலையடியில் சங்கிலி கட்டுங்கள். நேர்குறுக்காக வேண்டாம், நீரோட்டத்துக்குச் சாய்வாக, 45 பாகையில். குப்பை வழுக்கிக்கொண்டு ஒரு கரையில் சேரும், அங்கே படி வெட்டிவிட்டால் பள்ளத்துக்குள் இறங்காமலே வாரலாம். கீழ்முனையை மெல்லிய கயிற்றில் கட்டுங்கள். பெருவெள்ளத்தில் அது அறுந்து, தடுப்பு மேல்முனையில் தொங்கிக்கொண்டு கரையோடு ஒதுங்க வேண்டும். கம்பிக் கிராதி மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு மணி நேர மழையில் அணையாகிவிடும்.

ஆட்களைத் தெருவாரியாகப் பிரித்து, ஒரு தெருவுக்கு 100 மீட்டர் என்று கல் எண் போட்டுக் கொடுங்கள். வாரம் இரண்டு முறை தடுப்பில் வாருவதற்குக் கூலி கொடுத்து ஒருவரை வைப்பது நியாயமும்கூட. எடுத்த மூட்டைகளை அன்றைக்கே பேரூராட்சி வண்டி ஏற்றுவதாக முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். இரவு கிடந்தால் நாய் கிழித்துப் பள்ளத்துக்கே போகும். இறங்குபவர்களுக்குக் கம்பூட்டும் முழங்கை வரை கையுறையும் கட்டாயம். எலிக்காய்ச்சல், கண்ணாடி, ஊசி மூன்றும் அங்கே இருக்கும். காலில் புண் இருப்பவர்கள் கரையிலேயே நிற்கட்டும், பிள்ளைகளைத் தண்ணீரில் விடாதீர்கள். கொசுவுக்கென்று கம்பூசியா மீன் கொண்டுவந்து விட எவராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே மிஞ்சியிருக்கும் சின்ன மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அது தின்னும்.

பிள்ளைகளுக்குத் தரக்கூடிய வேலை அளவெடுப்பு. மாதம் ஒருமுறை, ஒரே இடம், ஒரே நேரம்: நீரில் கரைந்த ஆக்ஸிஜன், அம்மோனியா இரண்டுக்கும் சோதனைப் பெட்டி கிடைக்கும். குளிப்பதற்குத் தகுந்த நீர் என்று சொல்ல ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும், பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்) 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. உங்கள் பள்ளம் அங்கே வர நாளாகும். அதுவரை கரையில் கிடைக்கும் கல்லைப் புரட்டிப் பெரியவர் ஒருவர் காட்டட்டும். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் இன்னும் சாக்கடைதான். தும்பியின் இளம்பூச்சி ஒட்டியிருந்தால் வேலை பலிக்க ஆரம்பித்திருக்கிறது. முடிவுகளைச் சங்கப் பலகையில் குழாய் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள், வீட்டு எண்ணோடு வேண்டாம். பெயர் போட்டுக் கேவலப்படுத்தினால் அந்த வீட்டுக்காரர் குழாயை மண்ணுக்கடியில் மறைத்துவிடுவார், அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தெருவுக்குள் தண்ணீர் ஏறுவதை மட்டும் இந்த வருடமே பாருங்கள். புரட்டாசி முடிவதற்குள் அந்தக் குழாய்ப் பாலத்தின் உள்விட்டம், குழாய் எண்ணிக்கை, உள்ளே எத்தனை செ.மீ. மண் நிற்கிறது என்று அளந்து, படத்தோடு பேரூராட்சியில் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மனுநாளிலும் ஒரு நகல். 600 மி.மீ. குழாயில் பாதி மண் என்றால், மேலே நீங்கள் எவ்வளவு அகலப்படுத்தினாலும் தண்ணீர் அங்கேதான் நிற்கும்.